முதுகால் நடித்தவர்

மஸ்கெலியா பஸ் ஹட்டனில் வந்து நின்றதும் கண்டக்டர் இறங்கி, பத்திரிகையில் எழுதும் நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்த கடைக்குள் நேராக வந்தார். "பேப்பர்காரரே, சடையாண்டி அண்ணன் காலையில போயிட்டாருங்க. நாளைக்கு எடுக்கிறாங்களாம்" என்றார். கடைக்காரர் வானொலியை நிறுத்தினார்.

"எந்தச் சடையாண்டி? எமன் வேஷம் கட்டுவாரே, அவரா?" என்று கேட்டார் மூலையில் இருந்த ஒருவர்.

"போலீஸ்காரரா வருவாருப்பா."

"அட, கெழவியா வந்து எல்லாரையும் வையிவாரே, அவருதான்."

மூவரும் ஒரே ஆளைத்தான் சொன்னார்கள். அவர் ஏறிய மேடைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் எல்லா வேடங்களிலும் அவரைப் பார்த்தவர் யாரும் இருக்க முடியாது.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு, மலைநாட்டுத் தமிழரான நம் குடியுரிமையும் வாக்கும் கைவிட்டுப் போன வருடங்களில்தான் அவர் பெயர் தோட்டத்துக்கு வெளியே பரவியது. அதுவரை காமன் கூத்தில் ரதியாக ஆடிவந்த, தேயிலைச் செடிகளைக் கத்தியால் கழித்துக் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி. தலவாக்கலையில் ஒரு நாடகம் முடிந்து, ஒப்பனை கலைக்காமலே என்னோடு பேசிக்கொண்டிருந்தார். இனி எதற்கு நாடகம் என்று யாரோ அலுத்துக்கொண்டார்கள். "ஓட்டுத்தான போச்சு? வாயி இருக்குல்ல?" என்றார். ரதியின் உதட்டுச் சாயத்தோடு அவர் அதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

அவருடைய தோட்டத்துத் திருவிழாவில் நடந்ததைப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். நான் அங்கே இருந்தேன். நடந்தது இதுதான். மாலை நாடகத்தில் தோட்டத்தை நடத்தும் துரையின் வேடம் கட்டக் கூடாது, கட்டினால் பேர் வெட்டப்படும் என்று பங்களாவிலிருந்து உத்தரவு வந்தது. பேர் வெட்டினால் வேலை போகும். வேலை போனால் குடியிருக்கும் லயத்து அறையும் போகும். "சரிங்க, வேஷம் கட்டல" என்று சடையாண்டி ஒத்துக்கொண்டார். சொன்னபடியே கட்டியிருந்த சாரத்தோடும் பனியனோடும் மேடையேறினார். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். கைகளைப் பின்னால் கோத்தார். எதிரே ஆட்களே இல்லாததுபோல, தேயிலைச் செடியை மட்டும் பார்க்கிறவர்போலத் தலையைச் சற்றுச் சாய்த்தார். ஒருமுறை இருமினார்.

முன்வரிசையில் மாலை வெயிலுக்குக் குடை பிடித்து உட்கார்ந்திருந்த கருப்பையா கங்காணி சடாரென்று எழுந்தார். குடையை மடக்கினார். தலைத்துண்டை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். துரை எதிர்ப்பட்டால் குடை மடங்க வேண்டும், தலைத்துண்டு இறங்க வேண்டும், மழையானாலும் தலையில் போட்ட கம்பளி இறங்க வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். சாரம் கட்டிய ஒரு முதுகுக்கு முன்னால் கங்காணியின் உடம்பு அதைத் தானாகச் செய்துவிட்டது.

"கங்காணியாரே, தொர போயிட்டாரு, உக்காருங்க!" என்று ஒரு பெண் கத்தினாள். களமே சிரித்தது. கங்காணி சிரிக்கவில்லை. அங்கிருந்து நேராகப் பங்களாவுக்குப் போனார்.

மறுநாள் காலை, பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டு மழையில் நடந்தது. பேர் வெட்டியாகிவிட்டது என்று தெரிந்தும் சடையாண்டி கவ்வாத்துக் கத்தியோடு வந்து, வழக்கமாக நிற்கும் இடத்திலேயே நின்றார். கணக்கப்பிள்ளை ஆண்களின் பெயர்களைக் கூப்பிட்டார். சடையாண்டியின் பெயரைத் தாண்டிப் போனார். பெண்களில் முதல் பெயர் அவர் மனைவி ராமாயியுடையது. பதில் இல்லை. கணக்கப்பிள்ளை மறுபடி கூப்பிட்டார்.

"ஆம்பளைக பேரு இன்னும் முடியலைங்க. ஒண்ணு விட்டுப்போச்சு" என்றார் ராமாயி.

"ஏய், ஒனக்கும் சேத்து வெட்டணுமா?"

"வெட்டுங்க. அப்பறம் கொழுந்த நீங்களே எடுங்க."

அடுத்த பெயருக்கும் பதில் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. துரை வந்து நின்றார். கொட்டுகிற மழையில் ஒரு தலையிலிருந்தும் கம்பளி இறங்கவில்லை. செடிகளையே பார்த்துப் பழகிய அந்த மனிதர் அன்று ஆட்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கொழுந்து முற்றிக்கொண்டிருந்த காலம், ஒரு நாள் எடுக்காவிட்டாலும் நட்டம். கணக்கப்பிள்ளையிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, "சடையாண்டி" என்றார்.

"இருக்கேங்க."

அவர் எத்தனையோ வசனம் பேசிக் கேட்டிருக்கிறேன். இந்த ஒரு சொல்லின் அருகில் வேறெதையும் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு கொழும்பில் படம் எடுப்பவர்கள் கூப்பிட்டார்கள். சிங்களப் படத்தில் கடலை விற்பவராக, தமிழ்ப் படத்தில் பூசாரியாக, வட்டிக்காரராக வந்தார். சின்ன வேடங்கள்தான், எதையும் சின்னதாகச் செய்யவில்லை. ஒரு படத்தில் தோட்டத் தொழிலாளி வேடம். முதலாளியின் காலில் விழுந்து கதற வேண்டும். "எங்க ஊரு ஆளு இப்பிடி அழ மாட்டாங்க. நின்னு கேக்குறேன், வேணும்னா எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டார். இயக்குநருக்குக் கோபம். காலில் விழ வேறொருவரைப் பிடித்தார்கள். அதற்குள் எடுத்துவிட்ட ஒரு காட்சியில் மட்டும், மலைப்பாதையில் ஏறிப்போகும் சடையாண்டியின் முதுகு மிச்சமிருந்தது.

அந்தப் படம் ஹட்டனுக்கு வந்தபோது நான் தியேட்டரில் இருந்தேன். முகம் தெரியாத அந்த முதுகு திரையில் தோன்றியதும், "அண்ணே!" என்று பின்வரிசை எழுந்துவிட்டது. கதாநாயகனுக்குக் கூட அவ்வளவு விசில் இல்லை. இதை அவரிடம் சொன்னேன். "மொகத்த வெட்டிட்டாங்க தம்பி, முதுக மறந்துட்டாங்க" என்று சிரித்தார்.

நேற்று அவரை எடுத்தபோதும் மழை. பாடை பெரட்டுக்களத்தைக் கடக்கும் இடத்தில் கருப்பையா கங்காணி நின்றிருந்தார். இப்போது பார்வை மங்கிய கிழவர். பாடை அருகே வந்ததும் குடையை மடக்கினார். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார்.

"நனையிறீங்க மாமா, கொடைய விரிங்க" என்றான் பக்கத்தில் நின்றவன்.

"அன்னைக்கு ஏமாந்து எந்திரிச்சேன். இன்னைக்குத் தெரிஞ்சேதான் நிக்கிறேன். நீ பேசாம இருடா."

ராமாயி அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தார்.

இன்று நம்மில் எத்தனை பேர் இங்கே இலங்கையில், எத்தனை பேர் அங்கே இந்தியாவில் என்று இரு நாட்டுப் பெரியவர்கள் பேசிப் பங்கு வைக்கிறார்கள். நம் பெயர்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. சடையாண்டி அண்ணனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அவருடைய நடிப்பை அல்ல. அது எனக்கு வராது. பெயர் வெட்டிய மறுநாள் மழையில், கையில் கத்தியோடு, தன் இடத்தில் போய் நின்றாரே, அந்த நிற்பை எடுத்துக்கொள்கிறேன். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். தாண்டிப் போன பெயர்களைத் திரும்பி வந்து கூப்பிடட்டும். நாம் இங்கேதான் இருக்கிறோம்.