மடியில் வைத்த இரும்பு

மிளகாய்ப் பாத்தி கொத்தும்போது மண்வெட்டி கல்லில் பட்டு 'ணங்' என்றது. உடனே என் கை மடியைப் பொத்திக்கொண்டது. இந்த வயதிலும்!

சண்டைக் காலத்தில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் இரும்பு வராது. மண்வெட்டி வேண்டுமென்றால் இரும்பை நாங்கள்தான் கம்மாலைக்குக் கொண்டுபோக வேண்டும். கொல்லர் அடித்துத் தருவார். வயல் வட்டையில் உழுத அப்பாவுக்குச் சேறு அப்பிய கனத்த இரும்பொன்று அகப்பட்டது. சாக்கில் சுற்றி, சைக்கிள் கரியரில் இருந்த என் மடியில் வைத்தார்.

"இறுக்கிப் பிடி மகள், விழுத்திப்போடாத. நல்ல இரும்பு."

வழியெல்லாம் பள்ளம். பொம்மையைப்போல அணைத்துக்கொண்டு போனேன்.

உலை தகதகவென்று எரிந்தது. சாக்கைப் பிரித்துச் சேற்றைத் துடைத்த கொல்லரின் கை அப்படியே நின்றது.

"முதல்ல புள்ளயத் தூக்கு தம்பி. வெளிய ஓடு. இது வெடிக்காத ஷெல்."

பிறகு அவர் தன்னிடமிருந்த லொறி வில்லுத்தகட்டில் அடித்துத் தந்ததுதான் இந்த மண்வெட்டி. பிடி எத்தனையோ மாறிவிட்டது. அலகு இன்னும் அதேதான்.

அன்று அப்பா என்னை வேலியோரம் இறக்கினார். என் சட்டை மடியில் ஒட்டிய சேற்றைத் தட்டினார். சேறு போன பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார்.