பரஸ்கெவி எடுத்த ஐந்து நாள் விடுமுறை

எங்கள் தீவின் வரலாற்றை என்றாவது யாராவது எழுதினால், கடற்கொள்ளைக்காரர்கள் வந்துபோனதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும். பரஸ்கெவி விடுமுறை எடுத்ததற்கு இரண்டு பக்கமாவது வேண்டும். கொள்ளைக்காரர்களாவது எல்லோரும் எதிர்பார்த்தபடி நடந்துகொண்டார்கள்.

பரஸ்கெவிக்கு வயது ஐம்பத்தேழு. துறைமுகத்துக்கு மேலே ஆறு அறைகளை வைத்துக்கொண்டு முப்பத்தொரு கோடையாக வாடகைக்கு விடுகிறாள். தினம் காலை பத்து மணிக்குக் கப்பல் வரும்போது, அறை விடுகிற நாங்கள் எல்லோரும் ‘அறை உண்டு’ என்று எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு கரையில் வரிசையாக நிற்போம். கப்பலின் வாய் திறந்து பாலம் தரையைத் தொடுகிற இடத்துக்கு நேர் எதிரே இருப்பதுதான் முதல் இடம். இறங்குகிறவன் கண்ணில் முதலில் படுகிற முகம் அங்கே நிற்கிற முகம். அந்த இடம் பரஸ்கெவியுடையது. மாமியார் கொடுத்துவிட்டுப் போனது. மாமியாருக்குச் சொந்த மகளும் உண்டு. பெயர் ஸ்தமாத்தியா, நான்கு அறைகள், இரண்டாவது இடம். மகளைவிட மருமகளுக்குக் குரல் பெரிது என்ற ஒரே காரணத்தால் கிழவி அப்படிச் செய்தாள். கிழவி போனதிலிருந்து இருபது வருஷமாக ஸ்தமாத்தியா அண்ணியின் முதுகைப் பார்த்தபடி நிற்கிறாள்.

விடுமுறை யோசனை ஜூன் மாதம் மூன்றாம் எண் அறையின் கழிப்பறையில் பிறந்தது. காகிதத்தைக் கூடையில் போடுங்கள், உள்ளே போடாதீர்கள் என்று ஐந்து மொழிகளில் எழுதி ஒட்டியிருந்தும், பெல்ஜியத்துக்காரி ஒருத்தி ஐந்தையும் படிக்காமல் விட்டிருந்தாள். பரஸ்கெவி முழங்கை வரை கையை விட்டு அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் வாசற்படியில் சாய்ந்து பெருமூச்சு விட்டாள். “நீங்க கொடுத்து வெச்சவங்க! வருஷம் பூரா விடுமுறையிலயே இருக்கீங்க!”

பரஸ்கெவி கோபப்படவில்லை. அன்று மாலை புருஷன் யாக்குமிஸிடம் சொன்னாள்: “முப்பத்தோரு வருஷமா ஒரு சரக்கை விக்கிறேன். ஒரு வாய் கூட ருசி பாத்ததில்ல. இது நியாயமா?”

“என்ன சரக்கு?” என்றான் யாக்குமிஸ்.

“விடுமுறை.”

மறுநாள் கரையில் எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தாள். ஜூலை இருபத்துமூன்றிலிருந்து ஐந்து நாள் விடுமுறை. இதே தீவில். அறை வேண்டும்.

ஸ்தமாத்தியா பலகையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “நீங்களா அண்ணி? உங்களைச் சவப்பெட்டியில வெச்சா, உள்ள தூசி தட்டிட்டுத்தானே படுப்பீங்க!”

“உன் வீட்டுலயே தங்குறேன். கடல் தெரியுற அறை.”

“அஞ்சு நாள் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துடுவீங்களா?”

“உக்காருவேன். படுக்கவும் செய்வேன்.”

“ஒரு தடவை துடைப்பத்தைத் தொட்டாலும் இந்த இடம் எனக்கு. சம்மதமா?”

“சம்மதம். தொடலைன்னா, சாகுற வரைக்கும் இந்த இடத்தைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாது.”

வரிசையில் நின்ற பதினோரு பேரும் சாட்சி. நானும் ஒருவன். என் பலகை ஒன்பதாவது.

சொன்ன நாளில் பரஸ்கெவி சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு, வைக்கோல் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக எண்பது அடி தூரம் பயணம் செய்து நாத்தனார் வீடு வந்து சேர்ந்தாள். முற்றத்துத் திராட்சைப் பந்தலின் கீழ் சாய்வு நாற்காலியில் கால் நீட்டினாள். கால் நகங்களுக்குச் சிவப்புச் சாயம். ஊர் இதைப் பார்க்க வந்தது.

ஸ்தமாத்தியா சும்மா இருக்கவில்லை. முதல் நாள் மேசைவிரிப்பில் ரொட்டித் தூள் சிந்தி அப்படியே விட்டாள். இரண்டாம் நாள் புனித நிக்கோலஸ் படத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து மாட்டினாள். மூன்றாம் நாள், உலர்ந்த விரிப்புகளைக் கொடியிலேயே விட்டு ஆட்டை அவிழ்த்துவிட்டாள். ஆடு ஒரு தலையணை உறையை மூலையிலிருந்து நிதானமாகத் தின்றது. பரஸ்கெவியின் வலது கை இரண்டு முறை துடித்ததாகப் பக்கத்து வீட்டுக்காரி சத்தியம் செய்கிறாள். ஆனால் எழவில்லை. “ஆட்டுக்கு உப்பு போதுமா?” என்று மட்டும் கேட்டாள்.

இதற்கு நடுவே யாக்குமிஸ் தினம் மூன்று வேளை மதில் மேலே தலையை நீட்டுவான்.

“ஏய், துண்டெல்லாம் எங்க வெச்சிருக்க? நாலாம் நம்பர்ல ஜெர்மன்காரன் திரைச்சீலையில தலை துவட்டிக்கிட்டு நிக்கிறான்!”

“ஐயா, நான் இங்க விருந்தாளி. வீட்டுக்காரங்களைக் கேளுங்க.”

நான்காம் நாள் ஜூலை இருபத்தாறு. அன்று புனித பரஸ்கெவி திருநாள். எங்களுக்குப் பிறந்தநாள் பெரிதில்லை. அவரவர் பெயருள்ள புனிதரின் நாள்தான் அவரவர் நாள். அதற்கு அழைப்பும் கிடையாது. பெயர்க்காரர் எங்கே இருக்கிறாரோ அங்கே ஊர் தானாகப் போகும். வருகிறவர்களுக்கு இனிப்பும் மதுவும் நிரம்பிவழிய வேண்டும். ஒருவர் வெறும் வாயோடு திரும்பினால், அவமானம் அந்தக் கூரைக்கு.

அன்று அந்தக் கூரை ஸ்தமாத்தியாவுடையது.

முதலில் பாதிரியார் வந்தார். பிறகு மருந்துக்கடைக்காரர், பிறகு மீன்பிடி படகுகள் மூன்றின் ஆட்கள், பிறகு போன வருஷம் கோபித்துக்கொண்டு போனவர்கள். “பல்லாண்டு வாழணும்!” என்று பரஸ்கெவியை இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுவிட்டு, நாற்காலி தேடிக்கொண்டு, சமையலறைப் பக்கம் பார்த்தார்கள். ஸ்தமாத்தியாவின் முகம் மாறியது. எழுபது பேர். செர்ரிப் பாகு, பாதாம் பலகாரம், ஊஸோ சாராயம், வறுத்த ஆக்டோபஸ், மறுபடியும் ஊஸோ. அவள் உள்ளே ஓடினாள், வெளியே ஓடினாள். பரஸ்கெவி நாற்காலியிலிருந்தபடி கன்னத்தை மட்டும் காட்டினாள்.

“தேதி பாத்துத்தானே வந்தீங்க?” என்று தட்டைத் தூக்கிக்கொண்டு ஸ்தமாத்தியா பல்லைக் கடித்தாள்.

“விடுமுறையில இருக்கிறவளுக்குத் தேதி எப்படிம்மா தெரியும்?”

ஐந்தாம் நாள் காலை ஸ்தமாத்தியா கட்டிலிலிருந்து எழவே இல்லை. பத்து மணிக் கப்பலுக்கு அவள் இடம் காலியாகக் கிடந்தது. முன்பதிவு செய்திருந்த ஒரு டென்மார்க் தம்பதி போனில் வழி பார்த்துத் தாங்களே வந்து சேர்ந்தார்கள். முற்றத்தில் எழுபது பேர் தின்ற தட்டுகள். அவர்கள் அறையில் முந்தைய ஆள் படுத்த விரிப்பு. விழித்திருந்த ஒரே ஆள் பரஸ்கெவி, அவளும் சாய்வு நாற்காலியில்.

இங்கேதான் அந்தப் பெண்ணின் மேதமை வெளிப்பட்டது. கையை அசைக்கவில்லை. கால் கட்டைவிரலால் அலமாரியைக் காட்டினாள். தாடையால் தொட்டியைக் காட்டினாள். நான்கு மொழிகளைக் கலந்து பேசினாள். “விரிப்பு அங்க. மூலையை மடிச்சு உள்ள தள்ளு. அப்படி இல்ல, இன்னும் இறுக்கி! நீ தட்டைக் கழுவு. எலுமிச்சைத் தோலைப் போட்டுத் தேய்.” கணவன் ஒரு வங்கியின் தலைவனாம். படிக்கட்டுகளை முழங்காலிட்டுத் தேய்த்தான். மனைவி அதைப் படம் பிடித்தாள். இவ்வளவு உண்மையான தீவு வாழ்க்கையை வேறெங்கும் பார்த்ததில்லை என்று அவள் கண் கலங்கியது.

பகல் ஒரு மணிக்கு எழுந்து வந்த ஸ்தமாத்தியா பளபளக்கிற படிக்கட்டைப் பார்த்தாள். “அண்ணி! வேலை செஞ்சுட்டீங்க! தோத்துட்டீங்க!”

“கையைப் பாரு. தண்ணி பட்டிருக்கா?”

“வேலை வாங்குனீங்களே!”

“வாங்குறது வேலையா?”

வழக்கு நேராகக் காபிக்கடைக்கு வந்தது. ஊர்த் தலைவர் அரிஸ்தீதிஸ் வழக்கம்போல மல்பெரி மர நிழலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு தரப்பையும் கேட்டார். மீசையைத் தடவினார். ஆடவர்கள் எல்லோரும் தலையை ஆட்ட, தீர்ப்பு ஸ்தமாத்தியா பக்கம் சாய ஆரம்பித்தது.

“இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார் தலைவர். “நிழல்ல உக்காந்து உத்தரவு போடுறது வேலை இல்லைன்னா, பன்னெண்டு வருஷமா நான் என்ன பண்ணிட்டிருக்கேன்?”

ஸ்தமாத்தியா வீட்டு முன்னால் தெருவிளக்கு எரியாமல் நான்கு வருஷம் ஆகிறது. பதினாறு மனு கொடுத்திருக்கிறாள். அவள் வாய் அவளைக் கேட்காமலே திறந்தது.

“அதைத்தானே நாங்களும் பன்னெண்டு வருஷமா கேக்குறோம்! அது ஒரு வேலையா? வெட்கமா இல்ல?”

கடை முழுக்கச் சிரித்தது. பெண்கள் கை தட்டினார்கள். தட்டல் ஓய்ந்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று ஸ்தமாத்தியாவுக்கு உறைத்தது. பரஸ்கெவி எழுந்து, பாவாடையை நீவிவிட்டுக்கொண்டு, நாத்தனாரின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள்.

மறுநாள் பத்து மணி. கப்பலின் வாய் திறந்தது. முதல் இடத்தில் பரஸ்கெவி நின்றாள். விடுமுறை வெயிலில் முகம் கொஞ்சம் கறுத்திருந்தது. இரண்டடி பின்னால் ஸ்தமாத்தியா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள்.

“பலகையைத் தலைகீழா பிடிச்சிருக்க,” என்றாள் பரஸ்கெவி, திரும்பாமலே. “நேரா பிடி. கொஞ்சம் உயர்த்து.”

ஸ்தமாத்தியா நேராகப் பிடித்தாள். உயர்த்தவும் செய்தாள்.