எனக்காக ஆயா தைத்து வைத்த நான்கு ரவிக்கைகள்

எங்கள் ஆயா மறைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. அம்மாவைப் பெற்ற அவர்களைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டா என்ற தயக்கம் இன்னும் தீரவில்லை. தங்கை சிறுமி, எழுத வேறு ஆள் இல்லை.

ஆயா பிறந்தது வேப்பம்பட்டில், பயிர்த்தொழில் செய்த குடும்பத்தில். பதினைந்து வயதில் மணமாகி, ரங்கூன் அரிசி ஆலையில் வேலை பார்த்த தாத்தாவுடன் கப்பல் ஏறினார்கள். பாஷை தெரியாத ஊரில் அடுத்த வீட்டுப் பர்மியப் பெண்மணிதான் துணை. அவரிடம் ஜாடையிலேயே தையல் கற்றார்கள். தாத்தா இளவயதில் காலமானபின், கையால் சுற்றும் தையல் மிஷின் ஒன்றை வைத்துக்கொண்டே என் அம்மாவை வளர்த்துப் படிக்கவைத்தார்கள். பிழைப்புக்காகத் தொடங்கியதுதான், ஆனாலும் தையல் என்றால் அவர்களுக்கு உயிர். நல்ல துணி கையில் கிடைத்தால் வெட்ட மனம் வராமல் இரண்டு நாள் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

ரங்கூனில் குண்டு விழத் தொடங்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. தங்கைக்கு ஆறு, அவளுக்குக் கடும் காய்ச்சல் வேறு. அப்பா முன்பே இறந்துவிட்டார். கப்பலில் இரண்டு பேருக்குத்தான் இடம் கிடைத்தது. ஆயாவும் தங்கையும் ஏறினார்கள். அடுத்த கப்பலில் போகலாம் என்று அம்மாவும் நானும் கரையில் நின்றோம். எங்களுக்கு அடுத்த கப்பல் கிடைக்கவே இல்லை. மூன்றாம் ஆண்டில் அம்மாவும் காய்ச்சலில் போய்விட்டார்கள். சண்டை ஓய்ந்த பிறகு, அங்கே பக்கத்து வீட்டில் இருந்த தமிழ்க் குடும்பத்தார் என்னைச் சென்னைக்கு அழைத்து வந்தார்கள்.

ஆயா அப்போது கோவில்பதாகையில் தம் தம்பியான எங்கள் சின்னத் தாத்தா வீட்டில் இருந்தார்கள். ஆவடி ராணுவ முகாமிலிருந்து வரும் கிழிந்த உடுப்புகளுக்கு ஒட்டுப்போட்டுக் கொடுத்துத் தங்கையைக் காப்பாற்றி வந்தார்கள். நான் வந்த அன்றே பெட்டியைத் திறந்து நான்கு பாவாடைகளும் நான்கு ரவிக்கைகளும் எடுத்து வைத்தார்கள். பிரிந்திருந்த காலத்தில் என் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு ஜோடி. துணி கிடைக்காத நாட்கள் என்பதால் தம் புடவைகளையே வெட்டியிருந்தார்கள். அளவுக்கு, என் வயதுள்ள பக்கத்து வீட்டுப் பெண்ணை நிற்கவைத்திருந்தார்கள்.

பதினாறு வயதுக்கென்று தைத்ததை ஆயா என்மேல் வைத்துப் பார்த்தார்கள்; தோளில் நிற்காமல் வழிந்தது. பதிமூன்று வயதுக்குத் தைத்ததுதான் சரியாக இருந்தது. ஆயா என் தோள் எலும்பைத் தடவிப் பார்த்து அழுதுவிட்டார்கள்.

“இன்னா கண்ணு, இப்டி எளச்சுப் பூட்டே? குடு, ஒன் அளவுக்குப் புடிச்சித் தரேன்.”

“எங்க ரெண்டு பேரையும் உட்டுட்டுக் கப்பல் ஏறினீங்களே, இப்ப எதுக்கு இதெல்லாம்?” என்றேன்.

 ஆயா ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினார்கள்.

அதன்பின் அந்தத் துணிகளை நான் தொடவே இல்லை. வீட்டுக்கு வந்த உறவினரிடமெல்லாம் ஆயா எங்களை விட்டுவிட்டு வந்ததாகவே சொன்னேன். நான் வந்த ஐந்தாம் மாதம் நெஞ்சில் சளி கட்டி, நான்கே நாளில் ஆயா கண்ணை மூடினார்கள்.

கருமாதிக்கு மறுநாள் சின்னத் தாத்தா என்னைத் தனியே உட்காரவைத்தார்.

“உங்க ஆயா ஏறவே மாட்டேன்னுச்சும்மா. முந்தின ராத்திரி நீ தூங்கின பொறவு உங்கம்மாதான், ‘சீக்காளிப் புள்ளைய நீ தூக்கினு போ, பெரியவ என்னோட இருக்கட்டும்’னு அழுது அடம்புடிச்சு ஒத்துக்க வச்சுச்சு.”

“இத ஏன் தாத்தா எங்கிட்ட சொல்லல?”

“எங்கக்காதான் சத்தியம் வாங்கிச்சு. ‘செத்துப்போன அம்மா தங்கச்சிய அனுப்பிட்டு என்னை மட்டும் நிறுத்திக்கிச்சேன்னு கொழந்த நெனைக்கும். அம்மா மேல கோவம் வாணாம், அது எம்மேலயே இருக்கட்டும்’னுச்சு.”

ஆயா இருக்கும்போது அந்த நான்கில் ஒன்றைக்கூட நான் உடுத்திக் காட்டவில்லை.

என்னைப் பத்திரமாக அழைத்து வந்த ரங்கூன் குடும்பத்தாருக்கும், ஆவடியிலிருந்து நான்கு நாளும் வந்து வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், அலுக்காமல் அளவு கொடுத்த பக்கத்து வீட்டுத் தோழிக்கும், பாடியிலிருந்தும் வேப்பம்பட்டிலிருந்தும் வந்து எங்களோடு இருந்த உறவினர் அனைவருக்கும் எங்கள் நன்றி.

உறவினருக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. ஆயா பேத்தியை விட்டுவிட்டு வந்தவர்கள் என்று நம்மவர் சிலர் இன்றும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சைத் தொடங்கியவள் நான்தான். அது உண்மையல்ல. ஆயாவிடம் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க எனக்கு நாள் இல்லாமல் போயிற்று. உங்களிடம் சொல்லிவிட்டேன்.