பெருமாள்ராஜின் இரண்டு நிமிஷம்

களக்காடு பஸ் ஸ்டாண்டில் தனியார் வண்டிகளுக்கு டைம் கீப்பராக இருக்கும் பெருமாள்ராஜ், பத்தொன்பது வருஷமாக எந்த டிரைவரையும் நம்பியதில்லை. எந்த டிரைவரும் அவரை நம்பியதில்லை. இந்த ஏற்பாட்டில் வண்டிகள் ஒழுங்காகவே ஓடின.

வாட்சைப் பார்ப்பார், விசில் ஊதுவார், நோட்டில் நேரம் எழுதுவார். அவ்வளவுதான் வேலை. ஆனால் பின்னால் வரவேண்டிய வண்டி ஐந்து நிமிஷம் முந்திக் கிளம்பினால், நடுவழியில் முன்வண்டியை முந்தி அதன் ஆட்களை அள்ளிவிடும். ஆகவே அவர் எந்த வண்டிக்காரன் வாங்கித் தரும் டீயைக் குடிக்கிறார் என்பதைக்கூட ஸ்டாண்டு கவனித்து வந்தது. அவர் வாட்ச் இரண்டு நிமிஷம் கூடுதலாக ஓடுவதும் தெரிந்ததே. யாராவது செல்போனைக் காட்டினால், "அது கம்பெனிக்காரன் மணிலே. இங்கன ஸ்டாண்டு மணிதான்" என்பார்.

போன வருஷம் பஸ் முதலாளிகள் சங்கம் வாசலில் ஒரு கேமராவும், அவருடைய கூண்டுக்குள் அந்தப் படத்தைப் பதிந்து வைக்க ஒரு சர்வரும் வைத்தது. தன்னை வேவு பார்க்கத்தான் என்று பெருமாள்ராஜ் உடனே கண்டுபிடித்து, சர்வர் மேல் சாப்பாட்டுத் தூக்கை வைத்தார்.

ஆறு மணி வண்டியின் டிரைவர் சொரிமுத்து ஒரு நாள் சங்கத்துக்குப் போய், தனக்குப் பின்னால் வரும் ஆறு பன்னிரண்டு வண்டியின் கேமராப் படத்தைப் போடச் சொன்னான். படத்தின் மூலையில் ஆறு ஏழு என்றிருந்தது. பெருமாள்ராஜை நோட்டோடு வரச் சொன்னார்கள். நோட்டில் ஆறு பன்னிரண்டு.

"அஞ்சு நிமிசம்! அந்த வண்டி டீக்கு இவ்வளவு ருசியா வே?" என்றான் சொரிமுத்து.

"ஒன் வண்டியையும் போடச் சொல்லுலே" என்றார் பெருமாள்ராஜ்.

போட்டார்கள். ஐந்து ஐம்பத்தைந்து.

"நான் ஆறு மணிக்குத்தான எடுத்தேன்! கேமரா பொய் சொல்லுது!"

சங்கத் தலைவர் அசன் முகம்மது கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணு இந்தக் கேமரா பொய்யி, இல்ல ஒம்ம வாட்ச் பொய்யி. சனிக்கிழமைக்குள்ள தெரிஞ்சாகணும் வே. வாட்ச் பொய்யின்னா நீரு வீட்டுக்குப் போயிரும்."

மறுநாள் மேலப்பாளையத்திலிருந்து கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் முஃபீதா வந்தாள். தூக்கை எடுத்துக் கீழே வைத்தாள். மாட்டிய அன்று கையால் மணி வைத்ததோடு சரி. சர்வர் தினம் ஒரு நொடிக்கும் குறைவாகப் பிந்திப் பிந்தி, வருஷத்தில் ஐந்து நிமிஷம் பின்தங்கியிருந்தது.

"இனிமே நெட் வழியா அதுவே மணி கேட்டுத் திருத்திக்கிடும், அண்ணாச்சி."

"யாருட்ட கேக்கும்?"

"நெட்ல மணி சொல்லுத நாலு சர்வர்ட்ட."

"ஒருத்தன் கூடக்குறையச் சொன்னா?"

"மத்த மூணோட ஒப்பிட்டுப் பாத்து அவனைத் தள்ளிரும். எவன் சுத்தமாச் சொல்லுதான், எவன் ஒளறுதான்னு எப்பவும் கணக்குப் பாத்துக்கிட்டே இருக்கும்."

பெருமாள்ராஜ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன்னைவிடச் சந்தேகப் பிராணி ஒன்றை அவர் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தார்.

"நாலு பேரும் கூடிப் பேசி வச்சிருந்தா?"

"அதுக்குத்தான் நாலையும் நாலு ஊர்ல பாத்துப் போட்டிருக்கேன்."

"கெட்டிக்காரிதான் எம்மா நீ."

அவள் கடைசியாக ஒரு பொத்தானைத் தட்ட, திரையில் மணி ஐந்து நிமிஷம் தாவியது. பெருமாள்ராஜ் வாட்சைப் பார்த்தார். இன்னும் இரண்டு நிமிஷம் கூடுதலாகவே இருந்தது. சட்டைக் கையை இழுத்து அதை மூடிக்கொண்டார்.

சனிக்கிழமை தலைவர் அறையில் அன்றைய படம் போட்டார்கள். சொரிமுத்து வண்டி வாசலைத் தாண்டியது: சரியாக ஆறு. அடுத்தது: ஆறு பன்னிரண்டு. ஒரு நிமிஷம் பிசகில்லை.

அசன் முகம்மது தன் செல்போனைப் பெருமாள்ராஜின் வாட்சுக்குப் பக்கத்தில் வைத்தார். "பெறகு இது ஏன் வே ரெண்டு நிமிசம் கூட ஓடுது?"

"விசில் ஊதுனதும் எவன் வண்டிய எடுக்கான்? டீயக் குடிச்சு முடிக்கணும், ஓடியாற ஆளை ஏத்தணும், வெத்தலையத் துப்பணும். ரெண்டு நிமிசம் ஆவும். அதான் ரெண்டு நிமிசம் முந்தி ஊதுதேன்."

தலைவர் கூட்டக் குறிப்பு நோட்டைத் திறந்தார். தப்பான வாட்ச் சரியான நேரத்துக்கு வண்டியை அனுப்புகிறது என்று சங்க மினிட்டில் எழுத முடியாது. வேலை இருக்கட்டும், வாட்சைச் சரியாக வைக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்.

பெருமாள்ராஜ் கட்டுப்பட்டார். மறுநாள் சரியாக ஆறுக்கு ஊதினார். வண்டி ஆறு இரண்டுக்குப் போனது. ஆறு பன்னிரண்டு வண்டி, ஆறு பதினாலுக்கு. மூன்றாம் நாள் சொரிமுத்துவே சங்கத்துக்குப் போன் போட்டான்: "ஜங்ஷன்ல அடுத்த வண்டிக்காரனுவ லேட்டுன்னு சண்டைக்கு வாரானுவ. அந்த ஆளு வேணும்னே செய்யுதாரு."

அன்று சாயங்காலம் தலைவரிடமிருந்து பெருமாள்ராஜுக்குப் போன் வந்தது. "பழையபடி வச்சிரும். நான் சொன்னதா யாருட்டயும் சொல்லாதேயும்."

இப்போது திரையில் சரியான மணி ஓடுகிறது. கையில் இரண்டு நிமிஷம் கூடுதலாக ஓடுகிறது. முஃபீதா சொல்லித் தந்த நாலு சர்வர் பட்டியலைக் காலையில் வந்ததும் திரையில் திறந்து பார்ப்பார். தள்ளப்பட்டவனுக்கு நேரே பெருக்கல் குறி இருக்கும். ஒரு நாள் மூன்றாவது சர்வருக்கு அது விழுந்திருந்தது.

"நெனச்சேன். மொத நாள்லயிருந்தே அவன் மேல எனக்கு ஒரு கண்ணு" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுத் தூக்கைச் சர்வர் மேல் வைத்துவிட்டு விசிலை எடுத்தார்.