இரண்டு பெட்டி வீடும் தட்டு வெட்டும் மிஷினும்

போத்தனூரில் இருக்கும் எங்கள் பட்டறையில் வீடு செய்கிறேன். இப்படிச் சொன்னால் என் வீட்டுக்காரர் இன்றும் சிரிப்பார். "பெட்டி செய்யறேன்னு சொல்லு" என்பார். அவர் சொல்வதும் சரிதான். இரும்புச் சட்டம், சூட்டைத் தடுக்கும் சுவர்ப்பலகை, கூரைமேல் சோலார், பக்கத்தில் மழைத்தண்ணித் தொட்டி. பெட்டி பெட்டியாகச் செய்து லாரியில் ஏற்றி, தோட்டத்தில் கிரேன் வைத்து இறக்கி, ஒன்றோடொன்று சேர்த்துப் போல்ட்டை முடுக்கினால் வீடு. கரண்டுக் கம்பி எட்டிப் பார்க்காத இடத்திலும் குடியிருக்கலாம்.

ஆனைமலையைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பு. கணவரை இழந்த ஒரு அம்மா அதற்குச் சொந்தக்காரர். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. பாகம் பிரித்தபோது ஊருக்குள் இருந்த வீடு கொழுந்தனாருக்குப் போனது, தோப்பும் இரண்டு மாடும் இவருக்கு வந்தன. கோயம்புத்தூரில் நான்காவது மாடியில் இருக்கும் தன் ஃபிளாட்டுக்கு வந்துவிடச் சொல்லி மகன் ஒற்றைக்காலில் நின்றார். அம்மா அசையவில்லை. கடைசியில் மகனே என்னைத் தேடி வந்தார், ஒரு நிபந்தனையோடு.

"ஒரு மழைக்காலம் அங்க இருந்து பாக்கட்டுங்க. கரண்டு இல்லீன்னு ஒரு நாள் இருட்டுல உக்காந்தாலும் மாட்ட வித்துப்போட்டு, தோப்பக் குத்தகைக்கு உட்டுப்போட்டு, கூட்டியாந்துருவேனுங்க."

அம்மாவும் சரியென்று தலையாட்டிவிட்டார். ஆக, அவர் எங்கே வாழ்வார் என்பது என் பெட்டி மழையைத் தாங்குவதில் இருந்தது.

இந்த மாதிரி வீட்டுக்கு வரைபடத்தைவிடப் பட்டியல்தான் முக்கியம். வீட்டில் என்னென்ன ஓடும், எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டு எழுதி, அதற்குத் தகுந்தாற்போல்தான் பேனலும் பேட்டரியும். தோப்பிலேயே உட்கார்ந்து கேட்டேன்.

"உங்களுக்கு என்னென்ன வேணுமுங்க?"

"எனக்கென்னங்க அம்மணி, ஒண்டிக்கட்டை. ரெண்டு லைட்டு, ஒரு ஃபேனு. போதுமுங்க."

"ஃப்ரிட்ஜு?"

"எதுக்குங்க... சரி, சின்னதா ஒண்ணு இருந்தா இருக்கட்டுங்க."

"வேற?"

"அட, போதுமுங்க!"

எழுதிக்கொண்டேன். அன்றைக்கு என் புத்தி புல் மேயப் போயிருந்தது. நான் பிறந்து வளர்ந்தது கோபிசெட்டிபாளையத்துப் பக்கம். காபி குடிக்கிறீங்களா என்று எங்களிடம் ஒரு தடவை கேட்டால், நாக்கு வறண்டு கிடந்தாலும் 'இப்பத்தானுங்க குடிச்சேன்' என்போம். இரண்டாம் தடவைக்கு 'எதுக்குங்க சிரமம்'. மூன்றாம் தடவைதான் டம்ளரை நோக்கிக் கை நீளும். இது தெரிந்தும் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

பங்குனியில் இரண்டு பெட்டி வீடாக இறக்கினோம். அம்மா பால் காய்ச்சி எல்லோருக்கும் கொடுத்தார். வெயில் கொளுத்திய மாதங்களில் பேட்டரி எப்போதும் நிறைந்தே இருந்தது. அதன் நிலவரம் என் போனுக்கு வந்துவிடும். நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஆடியில் மலைப்பக்கம் மழை பிடித்துக்கொண்டது. அப்போதுதான் பார்த்தேன். தினமும் காலையில் ஒரு அரை மணி நேரம் பேட்டரி மடமடவென்று இறங்கியது. இரண்டு லைட்டும் ஒரு ஃபேனும் இப்படித் தின்னாது. போன் போட்டால், "ஒரு குறையுமில்லீங்க அம்மணி" என்பார். நாலைந்து முறை இதே பதில். அப்புறம் ஒருநாள் போனே போகவில்லை. மறுநாள் காலையில் காரை எடுத்துக்கொண்டு நேரில் போனேன்.

வீட்டுக்குள் ஃபேன் ஓடவில்லை. ஃப்ரிட்ஜ் கதவு திறந்து கிடந்தது, உள்ளே ஒன்றுமில்லை. இரண்டாவது பெட்டியின் பின்னால் கடகடவென்று சத்தம். போய்ப் பார்த்தால், சமையலறை ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து, மோட்டார் வைத்த மிஷினில் அம்மா தீவனச் சோளத்தட்டை வெட்டிக்கொண்டிருந்தார். ஊருக்குள் இருந்த வீட்டிலிருந்து மாடுகளோடு வந்த மிஷின். அது ஒரு நிமிஷம் சுற்றும் கரண்டில் என் ஃபேன் ஒரு மணி நேரம் ஓடும்.

"இதை ஏனுங்க பட்டியல்ல சொல்லலே?" கத்தியேவிட்டேன்.

மிஷினை நிறுத்திவிட்டு, அவர் மெதுவாகச் சொன்னார். "உங்களுக்கு என்ன வேணும்னுதானுங்க கேட்டீங்க. இது மாட்டுக்குங்களே."

பத்து நாளாக லைட், ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மிச்சம் பிடித்த கரண்டில் தட்டு வெட்டியிருக்கிறார். போனுக்குச் சார்ஜ் போடக்கூட மனசு வரவில்லை. என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. "மகனுக்குச் சொல்லீராதீங்க அம்மணி" என்றார்.

சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. முந்தின நாளிலிருந்து அம்மாவின் போன் கிடைக்காமல் பதறிப்போய் மகனும் வந்து இறங்கினார். ஸ்விட்சைத் தட்டினார். மிஷின் தின்றதுபோக பேட்டரியில் ஒன்றும் மிச்சமில்லை, லைட் எரியவில்லை.

"பேசினது பேசினதுதானுங்கம்மா. துணிய எடுத்து வைங்க."

"தப்பு என்னுதுங்க" என்று நான் குறுக்கே விழுந்தேன். "பேனலும் பேட்டரியும் கூடப் போட்டுச் சரி பண்ணிருவேன். என் பொறுப்பு."

"நீங்க இருங்க. ஏம்மா, நம்ம ஊட்டுல உங்களுக்கு என்ன குறை வெச்சேன்? இந்த இருட்டுல அப்படி என்னதான் இருக்குது?" அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம்.

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். ஒன்றுமில்லை கண்ணு என்று சொல்லிவிட்டுப் பையை எடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"நீ ஒரு குறையும் வெக்க மாட்டே கண்ணு. காலைல காபி வரும், மத்தியானம் சோறு வரும். வாங்கித் தின்னுபோட்டு உக்காந்திருக்கோணும். இங்க விடிஞ்சா ரெண்டு சீவன் என்ற கையப் பாத்துட்டு நிக்குது. நான் இங்கதான் இருக்கோணும். எனக்கு இது வேணும்."

மகன் மழையில் இறங்கி, கூரைமேல் இருந்த பேனல்களை அண்ணாந்து பார்த்தார்.

"எத்தனை பேனலுங்க கூட வேணும்?" என்றார், என் பக்கம் திரும்பாமலே.

"நாலு போதுமுங்க."

முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆறா வெச்சுருங்க."