யாழினி அக்காவின் மூன்றாம் வரி

யாழினி அக்கா, நீ இல்லாமல் வந்த முதல் தேர் இது. இங்கே லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டதும் அந்த நாள்தான் நினைவுக்கு வந்தது. எனக்கு எட்டு வயது, உனக்குப் பத்து.

தேர் பார்க்க வேல்ஸிலிருந்து வந்திருந்தீர்கள். அங்கே எல்லாப் பாடமும் வெல்ஷ் மொழியில் நடக்கிற பள்ளிக்கூடத்தில் சித்தப்பா உன்னைச் சேர்த்திருந்தார். சித்திக்கு அது துண்டறப் பிடிக்கவில்லை. தேர் முடிந்து ரூ பஜோல் தெருவில் இருந்து எங்கள் வீட்டுக்கு நடக்கும்போதே தொடங்கிவிட்டார்.

“வீட்டிலை தமிழ், வெளியிலை இங்கிலிஸ். இதுக்குள்ளை மூண்டாவது என்னத்துக்கு? அதைக் கதைச்சு லண்டனிலை ஒரு றாத்தல் பாண் வாங்கேலுமே?”

“அந்தச் சனம் தங்கடை பாசையை விடாமல் வைச்சிருக்கு. பிள்ளை அதைப் பாக்கட்டும்” என்றார் சித்தப்பா.

“பாத்தது காணும். இண்டைக்கு இவள் தேவாரம் பிழைவிட்டால், வாற கிழமை வேறை பள்ளிக்கூடம்.”

நீ என் கையை இறுக்கிப் பிடித்தாய். உனக்கு எங்கள் ஊர்ப் பிரெஞ்சு தெரியாது, எனக்கு இங்கிலிஸ் தெரியாது. நமக்குள் தமிழ்தான்.

“மூண்டாம் வரி வராதடி. என்ரை சிநேகிதப் பிள்ளையள் எல்லாம் அங்கைதான்.”

“நான் பின்னாலை நிண்டு சொல்லித்தாறன்” என்றேன்.

எங்கள் குடும்பத்தில் எல்லாரும் கூடினால் பிள்ளைகள் சாமிப்படத்துக்கு முன்னால் பாடவேண்டும். பிழை பிடிக்கிறவர் பெரியப்பா. கதிரையில் சாய்ந்துகொண்டு, “எங்கை, வேல்ஸ்காரி பாடட்டும் பாப்பம்!” என்றார்.

இரண்டு வரி வந்தது. பிறகு நின்றுவிட்டாய். நான் மெல்லச் சொன்னேன். உனக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொன்னபோது, பயத்தில் குரல் பெரிதாக வந்துவிட்டது.

பெரியப்பா நிமிர்ந்தார். “ஆரது பின்னாலை?”

அந்த நேரம் பார்த்துச் சித்தியின் கையிலிருந்த தட்டம் விழுந்தது. தேத்தண்ணீர்க் கோப்பைகள் நொறுங்கின. பெரியம்மா துணி தேடி ஓடினார், பெரியப்பா காலைத் தூக்கிக்கொண்டு கத்தினார். அந்த ஆரவாரத்துக்குள் மிச்சம் முழுவதையும் உன் காதில் சொல்லிவிட்டேன். எல்லாரும் திரும்ப இருந்ததும், நீ மூச்சு விடாமல் பாடி முடித்தாய்.

“பாத்தியளே, பிள்ளைக்குத் தமிழ் ஒரு இடமும் போகேல்லை” என்று பெரியப்பாவிடம் முதலில் சொன்னது சித்திதான். பள்ளிக்கூடமும் மாறவில்லை.

நல்ல காலம், தட்டம் கைதவறியது என்றுதான் அன்று நினைத்தேன். எங்கள் இருவரையும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றவர் சித்திதான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

இதை வாசிக்கிறவர்கள் யாழினி அக்காவுக்காக ஒருக்கால் கும்பிடுங்கோ. அவவின் அம்மாவுக்காகவும்.