வெடிக்க விடாத நட்சத்திரம்

காற்று ஊதி நிறுத்திய துணிக்கூடாரத்துக்குள் ஆட்களை உட்கார வைத்து, பட்டப்பகலில் புரொஜெக்டரால் நட்சத்திர வானம் காட்டுவது மும்பையில் என் வேலை. மைக் பிடித்து ஒரு பேச்சைக்கூட முடிக்க முடியாமல் இறங்கியவர்களுக்கு என் கஷ்டம் புரியும். பெரிய நட்சத்திரம் எப்படி வெடித்துச் சாகிறது என்பதுதான் என் கடைசிப் பத்து நிமிடம். அதை யாரும் முடிக்க விட்டதில்லை. அடுத்த மாதம் முட்டியில் ஆபரேஷன். பிறகு கூடாரம் தூக்க முடியாது. அதற்குள் ஒரு தடவையாவது முடித்தாக வேண்டும்.

மாட்டுங்கா

அறுபதாம் கல்யாணம். சாப்பாட்டுக்கு முன் விருந்தாளிகளுக்கு வானம். "சூரியனைப் போலப் பல மடங்கு கனத்த நட்சத்திரம் சாகும்போது..." என்று ஆரம்பித்தேன். வாசல் துணியை விலக்கிக்கொண்டு கல்யாணப் பெண் தலையை நீட்டினாள்.

"மாமா, நல்ல நாளும் அதுவுமா சாவு எதுக்கு? பொறக்கறதோட நிறுத்திக்கோங்கோ, பந்தி போட்டாச்சு."

திலக் நகர்

சொசைட்டி ஹால். உஷாராக, சாவு என்ற சொல்லையே எடுக்கவில்லை. சிவப்பாக ஒன்றைக் காட்டி, "இது திருவாதிரை. ஒருநாள் வெடிக்கும்" என்றேன். எப்போது என்றார்கள். நாளைக்கும் இருக்கலாம், லட்சம் வருஷமும் ஆகலாம் என்றேன். செக்ரட்டரி எழுந்து வந்து மைக்கைக் கையால் மூடினார்.

"சார், என் பொண்ணு திருவாதிரை. ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வரா. அவா மாமாவும் உள்ளதான் உக்காந்திருக்கார்."

தாராவி

அலுமினியம் உருக்கும் பட்டறைக்காரர்கள். இங்கே முடிக்காமல் விடுவதில்லை என்று வந்தேன். "நட்சத்திரத்தின் நடுவில் ஒவ்வொன்றாக எரிந்து கடைசியில் இரும்பு சேரும். இரும்பு எரிந்து சூடு தராது" என்றேன். முன்னால் இருந்த உலைக்காரர் முருகையா, "எங்க உலையிலயும் இரும்பு விழுந்தா சரக்கு போச்சு" என்றார். அந்த நேரம் வெளியே யாரோ டீ கெட்டிலைச் சொருக, காற்று ஊதும் மிஷின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். கூடாரம் மெல்ல எங்கள் தலையில் இறங்கியது. ஒரே கூச்சல்.

நான் எழவில்லை. துணிக்கு அடியிலிருந்தே கத்தினேன்: "உட்காருங்கள்! அங்கேயும் இதேதான். உள்ளே தாங்கிப் பிடித்த சூடு நின்றது. மேலே இருப்பதெல்லாம் நடுவை நோக்கி விழுகிறது. கூடாரம் மெதுவாக இறங்குகிறது. அங்கே நடு நொறுங்க ஒரு நொடிகூட ஆகாது!" சத்தம் அடங்கியது. வெளியே பிளக்கைத் தேடும் சத்தம் கேட்டது. பக்கத்தில் துணியைத் தலையில் போட்டபடி முருகையா குரல் கொடுத்தார்.

"ஏல, சொருகாதல, ருக், நில்லு! ஐயா மொதல்ல நட்சத்திரத்த வெடிச்சு முடிக்கட்டும்."

நல்ல கரண்ட் இருந்த இடத்தில் எல்லாம் அணைந்துபோன என் நட்சத்திரம், கரண்ட் பிடுங்கிய இடத்தில்தான் ஒழுங்காக வெடித்தது.